பேக்கார்டின் பின் சீட்டு

பழைய வண்டி பார்க்க வருகிறவர்கள் முதல் வேலையாக டயரை உதைப்பார்கள். உதைத்தால் என்ன தெரிந்துவிடும் என்று இதுவரை எனக்குப் புரிந்ததில்லை. நீங்கள் உதைக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி முகர்ந்து பார்த்தீர்கள். வண்டி தெரிந்தவர் என்று அப்போதே நினைத்தேன். உட்காருங்கள், டீ ஆறிவிடும். நான் நின்றுகொண்டுதான் பேசுவேன், தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவேன், அப்புறம் உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது பேஜார்.

பெங்களூரில் உங்கள் ஓட்டலில் கல்யாணம் நடத்துகிற ஜோடிகளை ஏற்றி ஊர்வலம் விடத்தான் வண்டி என்றீர்கள். அதனால் ஒரு கேள்வி கேட்டீர்கள், இதில் சாவு ஏதாவது நடந்திருக்கிறதா என்று. நியாயமான கேள்வி. பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இந்த வண்டிக்குள் யாரும் செத்ததில்லை. இதன் சீட்டில் ஒரு சொட்டு ரத்தம் பட்டதில்லை. குழந்தைகூட வாந்தி எடுத்ததில்லை. ஏன் எதுவும் படவில்லை என்பதையும் சொன்னால்தான் உங்களுக்குப் பதில் முழுசாகும். சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இது நாற்பத்தெட்டாம் வருஷத்து பேக்கார்டு. அமெரிக்க வண்டி, எட்டு சிலிண்டர், ஒரே வரிசையில். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் சாயபு வாங்கினார். அப்துல் வஹீத் சாயபு. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் அவருடைய டேனரி, அதே காம்பவுண்டில் பங்களா, பங்களாவை ஒட்டி இந்த வண்டிக்கென்று ஒரு ஷெட். நான் ஐம்பத்தாறில் கிளீனராகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருஷத்தில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார்.

பின் சீட்டைத் தடவிப் பார்த்தீர்கள் அல்லவா, அது கம்பெனி போட்ட துணி கிடையாது. சாயபு தன் டேனரியிலேயே ஆட்டுத்தோல் பதப்படுத்தி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு தழும்பு இல்லாததாகப் பொறுக்கி, சென்னையிலிருந்து ஆள் வரவழைத்துத் தைத்தது. வெண்ணெய் நிறம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வெடிப்பு காட்டுங்கள் பார்க்கலாம்.

சாயபு ஒரு சட்டம் வைத்திருந்தார். டேனரிக் கால் வண்டியில் படக் கூடாது. முதலாளியானாலும் அவரே குழாயடியில் காலைக் கழுவி, வேறு செருப்பு மாட்டிக்கொண்டுதான் ஏறுவார். எங்கள் ஊர் நாற்றம் எங்களுக்குத் தெரியாது. குடியாத்தம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து போய் வேறு சீட்டில் உட்காருவான், அப்போதுதான் தெரியும். அந்த நாற்றம் தோலில் ஏறினால் இறங்காது. அதனால் நான் மூன்று சட்டை வைத்திருந்தேன், வண்டிக்கு ஒன்று, கழுவுவதற்கு ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று. தினமும் துடைப்பேன். துடைத்ததையே மறுபடி துடைப்பேன். கை சும்மா இருக்காது எனக்கு. என் மனைவி கிரேஸி அரக்கோணத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒருநாள் அந்த வண்டியையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். போனவள் வரவில்லை. அவள் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது.

சம்பத் எழுபத்துமூன்றில் டேனரிக்கு ஃபிட்டராக வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன். டிரம், மோட்டார், பம்பு எல்லாம் அவன் பொறுப்பு. ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். எங்கே என்ன நோய் என்று சொல்லிவிடுவான். பேக்கார்டில் ஒரு இழுப்பு இருந்தது. மேட்டில் ஏறும்போது ஒரு கணம் தயங்கும். இரண்டு வருஷம் நான் அதோடு மல்லுக்கட்டினேன். சம்பத் வந்து பத்து நிமிஷம் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினான். தயக்கம் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான். எல்லாரிடமும் நானே சொன்னேன்.

சாயபு எழுபத்தைந்தில் காலமானார். ஆண்பிள்ளை இல்லை. மகள்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில். அவர் மனைவி சுகரா பேகம் அம்மா, நாங்கள் பீபிம்மா என்போம், டேனரியை மேனேஜரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வண்டி சும்மா நின்றது. எழுபத்தேழில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சென்னையிலிருந்து மில் முதலாளி ஒருவர் பார்க்க வந்தார். வண்டி எங்கே போகிறதோ அங்கே அதன் டிரைவரும் போவதுதான் வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வருவதற்கு முன்தினமே என் டிரங்குப் பெட்டியில் துணியெல்லாம் அடுக்கிவிட்டேன்.

விரிஞ்சிபுரம் வரைக்கும் ஓட்டிக் காட்டினேன். முதலாளி பின்னால். என்ஜினைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்லட்டும் என்று பீபிம்மா சம்பத்தை என் பக்கத்தில் அனுப்பியிருந்தார்கள், அவனும் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். முதலாளி இங்கிலீஷில் கேட்டார், சம்பத் இங்கிலீஷில் சொன்னான். நானும் பதில்களைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன், தமிழில். என்னை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் முதலாளி மாடி ஜன்னலில் நின்ற பீபிம்மாவிடம் என் எதிரிலேயே சொன்னார், வண்டி பிடித்திருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன், டிரைவர்கள் என்னிடம் நாலு பேர் இருக்கிறார்கள், அந்த ஃபிட்டரை வண்டியோடு அனுப்பினால் நல்லது, வீடு தருகிறேன். பீபிம்மா என்னைப் பார்த்தார்கள். வண்டிக்கு அதுதான்மா நல்லது என்றேன். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் தூக்கம் கம்மியாக இருந்தது, நடந்துகொண்டே இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. தொழுகைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். மெஷின் ஓடாத நாள் என்பதால் கழிவுத் தண்ணீர் தொட்டியைச் சுத்தம் செய்வதும் அன்றுதான். பத்து ஆட்கள், தனகோடி மேஸ்திரி, சம்பத். தொட்டிக்கு அடியில் பம்பின் குழாய் வாய் இருக்கும், அதில் முடியும் கொழுப்பும் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அடைத்துக்கொண்டது. சம்பத் ஏணி வைத்து இறங்கினான். சென்னை போகிறவன், போகும் முன் பம்பைச் சரியாக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இறங்கியதாக மேஸ்திரி அப்புறம் சொன்னார்.

இரண்டு மணி இருக்கும். நான் ஷெட்டில் பம்பருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டு ஓடினேன். தொட்டியில் விஷக்காற்று நின்றிருந்திருக்கிறது. மயங்கி விழுந்தவனை இடுப்பில் கயிறு போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை கறுப்புச் சேறு, காதுக்குள் மயிர்க் கற்றை. உயிர் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். லாரி தோல் கட்டு ஏற்றிச் சென்னை போயிருந்தது. மேனேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாணியம்பாடியில். ஆஸ்பத்திரி மூன்று மைல். பீபிம்மா மாடி ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை.

"காரை எடு இருதயராஜ். அவனை ஏத்து."

நான் முன்னால் ஓடினேன். ஓடும்போதே என் கை என்ன செய்யப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு கணத்தில் புத்தி கெட்டுப்போனது என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். அப்படி இல்லை. ரொம்பத் தெளிவாக இருந்தேன். வெண்ணெய் நிறச் சீட்டு. அதன் மேல் அந்தச் சேறு. இருபது வருஷம் நான் காப்பாற்றிய சீட்டு, சாயபுவின் சட்டம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் வாங்குகிறவர் வருகிறார். முகர்ந்து பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். பீபிம்மாவுக்கு எவ்வளவு நஷ்டம். இவ்வளவும் தொட்டியிலிருந்து ஷெட்டு வாசல் வரை ஓடுவதற்குள் யோசித்தேன்.

பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு இரண்டு கிளிப். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான், ரோட்டர் என்பார்கள். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்டு போகாது, சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றும், பிடிக்காது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். மூடியைத் திரும்ப மாட்டினேன். பானெட்டை இறக்கிவிட்டுச் சீட்டில் உட்காரும்போது அவர்கள் அவனைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்துவிட்டார்கள்.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். தனகோடி மேஸ்திரி ஜன்னலில் வந்து நின்று, காலையில்கூட ஓடியதே என்றார். பெட்ரோல் வரவில்லை போலிருக்கிறது, தள்ளுங்கள் என்றேன். தள்ளினார்கள். எட்டுப் பேர், ஷெட்டிலிருந்து கேட்டு வரைக்கும், கேட்டிலிருந்து ஷெட்டு வரைக்கும். டிக்கி மூடியில் நீங்கள் விரலால் தடவிப் பார்த்த சின்னப் பள்ளம் அன்றைக்கு விழுந்தது. நானும் இறங்கி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோள் கொடுத்தேன். எனக்கும் வேர்த்தது.

இரண்டாவது தடவை தள்ளி நிறுத்தியபோது சம்பத் கண்ணைத் திறந்தான். கட்டில் வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பேச முடியவில்லை, உதட்டில் நுரை. நான் குனிந்தேன்.

"செல்ஃபு நல்லா சுத்துதுண்ணா," என்றான். "கரண்டுதான் போவல. மூடியக் கழட்டி... ரோட்டர் பாரு."

அந்த நிலையிலும் அவன் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என் சட்டைப் பை அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பாத்துட்டேன் சம்பத்து. அது சரியாத்தான் கீது."

"அப்ப சரிண்ணா," என்றான். கண்ணை மூடிக்கொண்டான். நான் சொன்னதை நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரி, வண்டியை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லித் தோல் ஏற்றும் மாட்டுவண்டியைப் பூட்டச் சொன்னார். கட்டிலோடு ஏற்றினார்கள். இரண்டு பேர் மாடுகளுக்குப் பக்கத்தில் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். போலீஸ் வந்தது, விஷக்காற்று என்று எழுதிக்கொண்டார்கள். வண்டி ரிப்பேர் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கு முன் நாலு மணி ஆகிவிட்டது. சென்னைக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். டேனரியில் யாரும் இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரியில். நான் மட்டும். அவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். ரோட்டரைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன். சாவியைத் தொட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. இந்த வண்டியின் சத்தத்தை நீங்கள் கேட்டீர்கள், பட்டுப்புடவையை உதறுகிற மாதிரி இருக்கும். அவ்வளவு மெல்லிய சத்தம் மாடி வரைக்கும் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை.

பீபிம்மா படியிறங்கி வந்தார்கள். வெளி ஆண்கள் முன்னால் அவர்கள் கீழே இறங்கி வந்ததே கிடையாது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சென்னைக்காரரிடம் வண்டி விற்பதற்கில்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அவர் கோபமாகப் போனார். அவர் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டார்கள்.

"அப்போ ஓடலேன்னே. இப்போ ஓடுது."

"ஆமாம்மா."

"என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா வந்திச்சு."

என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அதில் கிரீஸ் கறை, வட்டமாக. வண்டிக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை அது, நான் அதில் கறை பட விடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பி மேலே போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் சம்பத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அமிர்தவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். சென்னைக்கு வரமாட்டேன் என்று அவன் வியாழக்கிழமையே பீபிம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அந்த வண்டியைப் புரிந்தவர் இருதயராஜ் அண்ணன், அவரை அனுப்புங்கள், நான் பம்பைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னானாம். பீபிம்மா வெள்ளிக்கிழமை சென்னைக்காரரிடம் அதைப் பேசுவதாக இருந்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனசு இவ்வளவு அலைந்திருக்காது. அன்று அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பீபிம்மா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. போலீசிடமும் போகவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். மாடி ஜன்னலில் நின்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, போதும் என்பார்கள். நான் அணைப்பேன். அவர்கள் அந்த வண்டியில் மறுபடி ஏறவே இல்லை. ஊருக்குள் போவதென்றாலும் ஜட்காதான். அமிர்தவள்ளியைப் பங்களாச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள், அவளும் வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலில் பீபிம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். ஆறரை வருஷம். மழை, வெயில், ரம்ஜான், எனக்குக் காய்ச்சல், எதற்கும் நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட வண்டி மக்கர் செய்யவில்லை. முதல் திருப்பிலேயே பிடிக்கும். சாயபுவின் ஞாபகமாக அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அமிர்தவள்ளிக்கும் அது பிடித்துப்போயிருக்கும்.

போன வருஷம் ஜனவரியில் பீபிம்மா படுத்த படுக்கையானார்கள். என்னைக் கூப்பிட்டு, மகள்கள் முன்னிலையில், வண்டி உனக்கு என்றார்கள். "இது வேற யாருக்கும் வேணாம். நீதான் வெச்சிக்கணும், சாவற வரைக்கும்." இருபத்தெட்டு வருஷ சேவைக்கு அவர்கள் செய்த மரியாதை என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். அமிர்தவள்ளி கதவோரம் நின்றிருந்தாள், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டோரம் இந்த ஷெட்டைப் போட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம். இங்கே ஜன்னலில் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என் கால் இந்த ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் கட்டிப்போட்டாலும் வந்துவிடும் போலிருக்கிறது. ஸ்டார்ட் செய்வேன். போதும் என்று யாராவது சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் தீர்கிறவரைக்கும் நிற்கிறேன். அதனால்தான் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். நீங்கள் கொண்டுபோய்விட்டால் நான் உட்காருவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இதற்குள் சாவு நடக்கவில்லை. பின் சீட்டைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறதும் அதுதான், ராத்திரி ஜெபத்திலும் அப்படித்தான் சொல்கிறேன். ஆண்டவரே, ஒரு சீட்டுக்காகச் செய்துவிட்டேன் என்று.

நீங்கள் டீயை அப்படியே வைத்துவிட்டீர்கள்.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் பானெட்டைத் தூக்கியபோது, வண்டி மேல் போர்த்துகிற தார்ப்பாய் என் காலடியில் மடித்துக் கிடந்தது. மெழுகு போட்ட கனமான தார்ப்பாய், தண்ணீர் கசியாது, இரண்டு மடிப்பாகப் போட்டாலும் பின் சீட்டு முழுக்க மூடும். அதைத் தாண்டித்தான் நின்றேன். அதைப் பார்த்தேன். விரித்துப் போட அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரோட்டரைக் கழற்ற அதைவிட ஜாஸ்தி நேரம் பிடித்தது.